எட்டாம் அத்தியாயம்: வெஸ்ட் பாயிண்டில் ஒரு பகல்

பிள்ளைகளைப் பார்க்க நியூ ஜெர்ஸிக்கு வந்து ஐந்தாறு மாதம் தங்கும் பெற்றோர், பிரிட்ஜ்வாட்டர் வேங்கடேசுவரர் கோயிலையும் சுதந்திர தேவியின் சிலையையும் நயாகரா அருவியையும் பார்த்து முடித்து, குளிர் இன்னும் இறங்காத ஒரு காலைப் பொழுதில், "இன்னும் என்ன பாக்கி இருக்கிறது?" என்று மகனிடமோ மருமகளிடமோ விசாரிப்பார்களானால், அவர்களுக்கு நான் மனப்பூர்வமாகச் சிபாரிசு செய்யும் ஸ்தலம் வெஸ்ட் பாயிண்ட். நியூயார்க் நகருக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தூரத்தில், ஹட்சன் நதியின் மேற்குக் கரையில், மலையும் நதியும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும் ஓர் இடுக்கான பிரதேசத்தில் அமைந்திருக்கும் அமெரிக்க ராணுவ அகாடமிக்குத்தான் அந்தப் பெயர். ஜெபர்ஸன் ஜனாதிபதியாக இருந்தபோது, 1802 மார்ச் 16 அன்று, சட்டத்தினால் ஸ்தாபிக்கப்பட்ட கல்விச்சாலை அது. ஆனால் சிப்பாய்கள் அந்த மேட்டில் பாசறை அமைத்தது அதற்கும் முன்னால், 1778 ஜனவரியில். அன்று முதல் இன்றுவரை ஒருநாளும் அவர்கள் அந்த இடத்தைக் காலி செய்ததில்லை.

சென்னைப் பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சி முடித்து வெளியேறும் அணிவகுப்பைக் கண்டிருக்கும் வாசகர்களுக்கு ராணுவக் கல்விச்சாலை என்றால் இன்னதென்று நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்கள் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நாம் போவது பழங்கால அரண்மனைக்கோ இடிந்த கோட்டைக்கோ அன்று. சுமார் 4,400 இளைஞர்களும் யுவதிகளும் உண்டு, உறங்கி, படித்து, வியர்வை சிந்தி, நாலு வருஷத்தில் அதிகாரிகளாக வெளியேறும் ஒரு வீட்டுக்கு. அவர்களிடம் படிப்புக்குக் கட்டணம் வாங்குவதில்லை. பதிலாக, பட்டம் பெற்றபின் ஐந்து வருஷம் சேனையில் முழுநேர ஊழியம் செய்தாக வேண்டும். இதை அறிந்து உள்ளே செல்பவன், புல்வெளியைக் குறுக்கே கடந்து ஓடும் ஒரு பையனைப் பார்க்கும்போது வேடிக்கை பார்க்க மாட்டான், வழிவிட்டு நிற்பான்.

முதலில் பிரயாண முஸ்தீபுகள். காரில் போகிறவர்கள் பாலிஸேட்ஸ் பார்க்வே என்னும் மரங்கள் அடர்ந்த சாலையைப் பிடித்து, அது முடிகிற பேர் மவுண்டன் வரையில் சென்று, அங்கிருந்து 9டபிள்யூ என்ற சாலையில் வடக்கே திரும்பினால் ஹைலண்ட் ஃபால்ஸ் என்ற சிற்றூர் வரும்; அகாடமியின் வாசல் அதன் கோடியில் இருக்கிறது. ரயிலில் போக விரும்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பிரயாணிகள் ரயில் ஓடுவது நதியின் கிழக்குக் கரையில். காரிஸன் நிலையத்தில் இறங்கினால் எதிரே வெஸ்ட் பாயிண்ட் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தெரியும். ஆனால் இடையே நதி இருக்கிறது, பாலமோ பல மைல் தெற்கே இருக்கிறது.

பாஸ்போர்ட்டை மறக்கக் கூடாது. வேலைத் திட்டத்தில் இது சின்ன விஷயமாகத் தோன்றும். உண்மையில் அன்றைய பகல் முழுவதும் இதைப் பொறுத்தது. முதல்முறை நான் சென்றபோது, பத்திரமாக இருக்கட்டும் என்று எண்ணிப் பாஸ்போர்ட்டை மகள் வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, அதன் நகல் ஒன்றை மட்டும் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு போனேன். பார்வையாளர் நிலையத்தில் இருந்த பெண்மணி அந்த நகலை விரித்துப் பார்த்து, மிகுந்த மரியாதையோடு திருப்பிக் கொடுத்து, அசல் இல்லாமல் உள்ளே அனுப்ப வழியில்லை என்றாள். அவள் சொன்னது நியாயம். அங்கே நுழைகிறவர் ஒவ்வொருவரையும் விசாரணை செய்த பிறகே பஸ்ஸில் ஏற்றுவார்கள். அயல்நாட்டாருக்குப் பாஸ்போர்ட்டே அடையாளம். பழம் நறுக்கும் சிறு கத்தியைப் பையில் வைத்துக்கொள்ளும் வழக்கமுள்ள பெரியவர்கள் அதை அன்று மட்டும் வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். பெரிய பைகளையும் தவிர்ப்பது நல்லது.

சொந்தக் காரில் உள்ளே போய்ச் சுற்றிவர நம்மைப்போன்ற பிரயாணிகளுக்கு இயலாது; பார்வையாளர் நிலையத்திலிருந்து வழிகாட்டியோடு புறப்படும் பஸ்ஸே வழி. இந்தச் சுற்றுலா எல்லா நாளும் இல்லை. அகாடமியின் கால்பந்து அணி சொந்த மைதானத்தில் விளையாடும் சனிக்கிழமைகளிலும், மே மாதக் கடைசியில் பட்டமளிப்பு நடக்கும் வாரத்திலும் நிறுத்திவிடுவார்கள். ஆகையால் மருமகனின் விடுமுறையை மட்டும் பார்த்து நாள் குறிக்காமல், அகாடமியின் நாள்காட்டியையும் பார்த்துக் குறிக்க வேண்டும். குறுகிய சுற்று, நீண்ட சுற்று என்று இரண்டு இருக்குமானால், கல்லறைத் தோட்டம் சேர்ந்த நீண்ட சுற்றையே தேர்ந்தெடுக்கும்படி வற்புறுத்திச் சொல்லுவேன். காரணம் பின்னால் வரும்.

அனுமதி கிடைக்காத அந்த நாளில் எனக்கு ஆறுதலாக இருந்தது அருங்காட்சியகம். அது வாசலுக்கு வெளியிலேயே இருக்கிறது, கட்டணம் கிடையாது. 1777இல் சரட்டோகாவில் ஆங்கிலேயர் சரணடைந்தபோது கைப்பற்றிய தளவாடங்களை இங்கே கொண்டுவந்து குவித்ததில் தொடங்கி, 1854இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட சேகரம் அது. ஹிட்லரின் பொன்முலாம் பூசிய சிறு கைத்துப்பாக்கி இந்தச் சேகரத்தில் உண்டு. குழந்தைகள் அதையே முதலில் கேட்பார்கள். ஆயினும் வாஷிங்டன் வைத்திருந்த கைத்துப்பாக்கிகளின் முன்னால் அதிக நேரம் நிற்கும்படி நான் சொல்லுவேன். நதி இங்கே திரும்பும் இடத்தைக் காப்பாற்றினால் தேசத்தைக் காப்பாற்றலாம் என்று அறிந்திருந்தவர் அவர். அந்த எண்ணத்தோடு பஸ் ஏறினால், உள்ளே காண்பதெல்லாம் ஒரு சரட்டில் கோத்தாற்போல் விளங்கும்.

பஸ், தேயர் பெயர் தாங்கிய வாசலைத் தாண்டி உள்ளே செல்லும். 1817 முதல் 1833 வரையில் தலைமை அதிகாரியாக இருந்து, கணிதத்தையும் எஞ்ஜினீயரிங்கையும் கட்டாயமாக்கி, தினந்தோறும் ஒவ்வொரு மாணவனும் கரும்பலகை முன் நின்று பாடத்தை ஒப்பிக்க வேண்டும் என்ற முறையை ஏற்படுத்தியவர் ஸில்வேனஸ் தேயர். அந்நாளைய அமெரிக்காவின் ரயில் பாதைகளையும் துறைமுகங்களையும் அமைத்த எஞ்ஜினீயர்களில் பலர் இவர் பயிற்றிய பரம்பரையினர். வழிநெடுகக் காணும் கட்டடங்கள் சாம்பல் நிறக் கருங்கல்லால் ஆனவை. மாணவர் சீருடையின் நிறமும் சாம்பலே. மலைச்சரிவில் அடுக்கடுக்காகக் கட்டியிருப்பதால் படிகள் அதிகம். முழங்கால் வலி உள்ளவர்கள் கைத்தடியைக் கூச்சப்படாமல் எடுத்துவர வேண்டும், வழிகாட்டி காத்திருப்பார்.

மேட்டின் உச்சியில் இருக்கும் மாணவர் தேவாலயத்தில் பஸ் நிற்கும். 1910இல் கட்டி முடித்த கோதிக் பாணிக் கட்டடம் அது. உள்ளே நுழைந்ததும் கண் மேலே போகும். 23,000க்கும் மேற்பட்ட குழல்கள் கொண்ட ஆர்கன் வாத்தியம் அங்கே இருக்கிறது, உலகத்திலேயே பெரியவற்றுள் ஒன்று. யாராவது அன்று அதைப் பயிற்சி செய்துகொண்டிருந்தால் உங்கள் பாக்கியம். தாழ்ந்த ஸ்வரங்கள் காதில் விழுவதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பலகையில் அதிர்வாக வந்து சேரும். அதைவிட என் மனத்தைத் தொட்டது, போரில் சிறைப்பட்டும் காணாமற்போயும் திரும்பி வராதவர்களுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் ஓர் ஆசனம். அதில் ஒருவரும் உட்காருவதில்லை. ஒரு மெழுகுவத்தி மட்டும் வைத்திருக்கிறார்கள். நம் வீடுகளில் இறந்தவர் படத்தின் முன்னால் அகல் ஏற்றி வைக்கிறவர்களுக்கு இதற்கு வியாக்கியானம் வேண்டாம்.

அடுத்து, சமவெளி என்று அவர்கள் வழங்கும் அணிவகுப்பு மைதானம். சுற்றிலும் வாஷிங்டன், ஐஸன்ஹோவர், மக்ஆர்தர் முதலியோரின் சிலைகள். ஓரத்தில் ஸெட்ஜ்விக் என்ற தளபதியின் சிலை ஒன்று இருக்கிறது. பரீட்சைக்குப் பயந்த மாணவன் நடுநிசியில் முழு அணிவகுப்பு உடை தரித்துச் சென்று அந்தச் சிலையின் பூட்ஸில் இருக்கும் குதிமுள்ளைச் சுழற்றிவிட்டு வந்தால் தேறிவிடுவான் என்பது இங்குள்ள ஐதீகம். பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைத்துவிட்டுப் பரீட்சை மண்டபத்துக்குப் போனவர்களாகிய நாம் இதைப் பரிவோடுதான் கேட்போம்.

வடக்கே, நதியைப் பார்த்து நீண்டிருக்கும் மேட்டுக்கு டிரோஃபி பாயிண்ட் என்று பெயர். வழிகாட்டி எவ்வளவு நேரம் கொடுத்தாலும் அதை முழுவதும் இங்கேயே செலவிடுங்கள். பீரங்கிகளைப் பார்ப்பதற்கு முன்னால், தடுப்புச் சுவர் ஓரமாக நின்று நதியைப் பாருங்கள். வடக்கிலிருந்து நேராக வரும் ஹட்சன், எதிரே கான்ஸ்டிட்யூஷன் தீவு குறுக்கிடுவதால் திடீரென்று ஒடிந்து, சற்றுத் தூரம் குறுக்கே ஓடி, மறுபடியும் ஒடிந்து, உங்கள் காலடியைச் சுற்றிக்கொண்டு தெற்கே போகிறது. கடலின் ஏற்றவற்றம் இங்கேயும் உண்டு. பாய்மரக் கப்பல் ஒன்று கடலிலிருந்து மேலே வருவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள்: அடுத்தடுத்து இரண்டு முறை திரும்ப வேண்டும், ஒவ்வொரு திருப்பத்திலும் மலை காற்றை மறைக்கும், வேகம் இழந்து, பாயை மாற்றிக் கட்டிக்கொண்டு அது தத்தளிக்கும் நேரத்தில் இருகரைப் பீரங்கிகளும் அதைக் குறி பார்க்கும். நியூயார்க்கிலிருந்து ஆங்கிலேயர் மேலேறி, கனடாவிலிருந்து வருகிறவர்களோடு கைகோத்துக்கொண்டால், புரட்சி செய்த குடியேற்றங்கள் நதிக்கு இப்புறமும் அப்புறமுமாகத் துண்டிக்கப்பட்டுவிடும் என்பதே அன்றைய பெரும் பயம். அந்தப் பயத்துக்கு மாற்றாக இரும்பைக் கொண்டுவந்தார்கள்.

அந்த இரும்பில் எஞ்சியது உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. வட்டமாக அமைத்த பதின்மூன்று கண்ணிகள், அவற்றோடு ஒரு சுழல் கொண்டியும் இணைப்பு வளையமும். கண்ணி ஒவ்வொன்றும் சுமார் இரண்டடி நீளம். இரும்பின் கனம் இரண்டேகால் அங்குலம். எடை சுமார் 50 கிலோ, அதாவது நம் ஊர் அரிசிச் சிப்பம் இரண்டு. கிட்டே குனிந்து பார்த்தால், வார்ப்படத்தின் வழவழப்பு அதில் இல்லாததைக் காணலாம். காய்ச்சி அடித்து வளைத்து ஒட்டிய கொல்லனின் வேலை, ஒன்றின் வளைவு மற்றொன்றுபோல் இல்லை. 1777 அக்டோபரில், சற்றுத் தெற்கே கட்டியிருந்த முந்திய சங்கிலியை ஆங்கிலேயர் கடந்துவிட்டார்கள். 1778 பிப்ரவரியில் ஸ்டெர்லிங் இரும்பு உலைக்குப் புதிய சங்கிலிக்கான ஒப்பந்தம் கொடுத்தார்கள். பனியின்மேல் சறுக்குவண்டிகளில் கண்ணிகளை நதிக்கரைக்கு இழுத்து வந்தார்கள். ஏப்ரல் 30 அன்று மரத்தெப்பங்களின்மேல் மிதக்கவிட்டு அக்கரைத் தீவோடு பூட்டிவிட்டார்கள். மூன்றே மாதங்களுக்குள் முடிந்த காரியம். ஒவ்வொரு குளிர்காலத்திலும், பனிக்கட்டி அறுத்துவிடாதபடி, முழுச் சங்கிலியையும் கரைக்கு இழுத்துப் போட்டு, வசந்தத்தில் மறுபடி நீரில் இறக்கினார்கள். யுத்தம் முடியும்வரை ஒரு பகைக் கப்பலும் அதைச் சோதித்துப் பார்க்கத் துணியவில்லை. கரையிலே அரண்களைத் திட்டமிட்டவர் போலந்து தேசத்திலிருந்து வந்த கோஸ்கியூஷ்கோ என்ற எஞ்ஜினீயர். அவருக்கும் இங்கே ஒரு ஸ்தம்பம் உண்டு.

பக்கத்தில் வானளாவ நிற்கும் கருங்கல் தூண் 1897இல் பிரதிஷ்டை செய்தது; உள்நாட்டு யுத்தத்தில் வடபுலத்தின் நிரந்தரச் சேனையில் இறந்த 2,230 பேரின் பெயர்கள் அதில் பொறித்திருக்கின்றன, அதிகாரிக்கும் சாதாரணச் சிப்பாய்க்கும் இடம் கொடுத்து. தூணின் உயரத்தை எல்லோரும் வியப்பார்கள். பெயர்களை ஒரு பத்து வாசித்துப் பாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

இந்த மேட்டுக்கு அருகில் அந்நாளில் ஒரு ஹோட்டல் இருந்தது. மக்ஆர்தர் மாணவனாக இருந்தபோது அவருடைய தாயார் அங்கே அறை எடுத்துத் தங்கி, மகன் அறையில் விளக்கு எரிகிறதா என்று இரவில் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அவர் சரித்திரத்தை எழுதியவர்கள் கூறுகிறார்கள். பிள்ளை படிப்பதைத் தூரத்திலிருந்து காவல் காத்த அந்தத் தாயை, பிள்ளையைப் பார்க்கக் கடல் கடந்து வந்திருக்கும் பெற்றோர் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். 1903இல் மக்ஆர்தர் தம் வகுப்பில் முதல்வராகத் தேறினார்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த இடம் தாய்மடியாக இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அடிமையாகப் பிறந்து 1877இல் இங்கே முதல் கறுப்பினப் பட்டதாரியான ஹென்றி ஃபிளிப்பரும், 1936இல் தேறிய பெஞ்சமின் டேவிஸும் சக மாணவர்களின் புறக்கணிப்பில் காலம் கழித்தவர்கள். டேவிஸிடம் நாலு வருஷமும் கடமைக்கு மேற்பட்ட ஒரு வார்த்தை ஒருவரும் பேசவில்லை. இன்று மாணவர் விடுதி ஒன்றுக்கு டேவிஸின் பெயரையே வைத்திருக்கிறார்கள். பெண்களுக்கு 1976இல்தான் கதவு திறந்தது. 119 பேர் நுழைந்து, 1980இல் 62 பேர் பட்டம் பெற்றனர். பஸ்ஸிலிருந்து காணும் யுவதிகளின் நடையிலே தயக்கம் ஏதும் தெரியாததற்கு அந்த 62 பேரின் பிடிவாதமும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இருக்கும் பழைய தேவாலயத்துக்காகவே நீண்ட சுற்றைச் சிபாரிசு செய்தேன். சிறிய கட்டடம், முதலில் வேறிடத்தில் இருந்ததைக் கல் கல்லாகப் பிரித்து இங்கே கொண்டுவந்து மறுபடி கட்டினார்கள். சுவரில் சுதந்திர யுத்தத் தளபதிகளுக்குக் கேடயம்போன்ற பளிங்குப் பலகைகள் வரிசையாக இருக்கின்றன: ஒவ்வொன்றிலும் பெயர், பதவி, பிறந்த தேதி, இறந்த தேதி. அவற்றில் ஒன்றில் பதவியும் 1740 என்ற பிறந்த ஆண்டும் மட்டும் உண்டு, பெயர் இல்லை. பெனடிக்ட் ஆர்னால்டின் பலகை அது. சரட்டோகாவில் காலை இழந்தாற்போல் காயம்பட்டு வெற்றி தேடித் தந்த வீரர். 1780இல் இந்தக் கோட்டையின் அதிபதியாக அமர்ந்து, 20,000 பவுனுக்கு இதை ஆங்கிலேயருக்குக் காட்டிக்கொடுக்கப் பேரம் பேசினவரும் அவரே. தூது சென்ற மேஜர் ஆன்ட்ரே செப்டம்பர் 23இல் பிடிபட்டு அக்டோபர் 2இல் தூக்கிலிடப்பட்டார், ஆர்னால்ட் தப்பிவிட்டார். பலகையையே வைக்காமல் விட்டிருக்கலாம், வசைமொழி எழுதியிருக்கலாம். இரண்டும் செய்யாமல், செய்த சேவைக்கு இடத்தையும் செய்த துரோகத்துக்கு வெறுமையையும் கொடுத்திருக்கிறார்கள். பொய், வஞ்சனை, திருட்டு மூன்றையும் செய்யக் கூடாது, செய்கிறவனைச் சகிக்கவும் கூடாது என்பது இங்குள்ள மாணவரின் விரதம். அந்த விரதத்தின் பொருளை அந்தப் பெயரில்லாப் பலகையின் முன்னால்தான் நான் சரியாக உணர்ந்தேன்.

வெளியே தோட்டத்தில் தேயர், கஸ்டர், பனாமாக் கால்வாயை முடித்த கோதல்ஸ், அப்போலோ விபத்தில் மறைந்த விண்வெளி வீரர் எட் ஒயிட் முதலியோர் துயில்கிறார்கள். சமீபத்து யுத்தங்களில் இறந்த இளைஞர்களின் கல்லறைகளும் உண்டு. அங்கே நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டாம். தாய் தந்தையர் வந்து அமர்ந்திருக்கக்கூடும்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சைவர்கள் காலையிலேயே புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு வந்து காரிலே வைத்துவிட்டு, சுற்று முடிந்ததும் பேர் மவுண்டன் பூங்காவின் ஏரிக்கரையில் உட்கார்ந்து சாப்பிடுவது உத்தமம். நதிக்காற்று செப்டம்பரிலேயே குத்தும், ஸ்வெட்டர் அவசியம். அக்டோபரில் மலையெங்கும் இலைகள் பழுத்துச் சிவப்பும் பொன்னுமாக இருக்கும். கூட்டமும் அதற்கேற்ப இருக்கும். மாலையில் கொடி இறக்கும் ஊதுகுழல் கேட்கும்போது உள்ளே இருக்க நேர்ந்தால், பேச்சை நிறுத்திவிட்டுக் கொடி இருக்கும் திசை நோக்கி நில்லுங்கள், கார்கள்கூட நின்றுவிடும்.

திரும்பும் வழியில் அரைமணி நேரம் கையில் இருந்தால், 1924இல் கட்டிய பேர் மவுண்டன் பாலத்தைக் கடந்து கிழக்குக் கரை வழியாகக் காரிஸன் படித்துறைக்குச் செல்லுங்கள். ஆர்னால்ட் தங்கியிருந்த வீடு இருந்தது இந்தக் கரையில்தான். சதி வெளிப்பட்ட செய்தி வந்த காலையில் படகேறி, கீழே நங்கூரமிட்டிருந்த ஆங்கிலக் கப்பலுக்கு ஓடியதும் இந்தக் கரையிலிருந்துதான். எதிரே கோட்டைபோன்ற சாம்பல் நிறச் சுவர்கள் முழுவதும் ஒரே பார்வையில் தெரியும். மாலையில் சூரியன் அவற்றின் பின்னால் இறங்குவதால் புகைப்படம் சரியாக விழாது; படம் வேண்டியவர்கள் காலையில் வரும்போதே இங்கே நின்று எடுத்துக்கொண்டு, பிறகு பாலத்தைக் கடப்பது நல்லது.